மூதூர்ப் படகுக்கு நின்ற ஜின்செங்காரர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சண்டையில் சுவரும் புயலில் கூரையும் போன பிறகும், திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஐஸ் பெக்டரி கட்டி நிமிர்த்தினேன். என் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கினேன். இத்தனை செய்தவனை விடாமல் பிடித்திருப்பவர், மூதூர்ப் படகுக்காக இறங்குதுறையில் பக்கத்தில் நின்ற ஒருவர்.

ஐம்பது வயதிருக்கும். கழுத்துவரை பூட்டிய சட்டை, உள்ளே விழுந்த கண்கள். ஒரு சின்னப் போத்தலை முகர்ந்து பார்த்துவிட்டு, அதிலிருந்து இரண்டு குளிசைகளை விழுங்கினார்.

"என்ன தம்பி அது?"

"ஜின்செங், ஐயா, சீனத்து வேர். கப்பல்காரன் ஒருத்தன் தந்தவன். களைப்புக்கு நல்லதாம். காலமை தொடக்கம் இதுதான் என்ர சாப்பாடு."

சொல்லும்போதே அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது.

"சீனி வருத்தம், நீரிழிவு, இருக்கோ?"

"ஓம், அதுக்கும் குளிசை போட்டனான். இது வேர்தானே!"

கடைக்கு ஓடி, சீனியை அள்ளிப் போட்ட தேத்தண்ணி வாங்கி வந்து பருக்கினேன். மெல்ல நடுக்கம் அடங்கியது.

"ஐயா டொக்டரோ?" என்று சிரித்தார்.

"நானும் சீனி வருத்தக்காரன்தான். இந்த வேரையும் சீனிக் குளிசையையும் சேர்த்தா சீனி கடுமையா இறங்கலாம் எண்டு கிளினிக்கில எனக்குச் சொன்னவை. டொக்டரைக் கேக்காமல் இனித் தொடாதேங்கோ. களைப்பு ஏன் வருதெண்டும் கேளுங்கோ."

தலையாட்டினார். ஆனால் போத்தலைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் படகேறினார்.

அக்கரையில் இறங்கினாரா, நடுக்கடலில் மறுபடி வேர்த்ததா, தெரியாது. படகு துறையை விட்டு விலகும்போதெல்லாம் அந்த முகம் என்னைப் பார்க்கிறது. அவர் உயிரோடு இருந்தால், அன்று தன்னைக் காப்பாற்றியது வேர் அல்ல, நான்தான் என்று நாலு பேருக்குச் சொல்லட்டும். அது என் காதுக்கு வந்தே ஆகவேண்டும்.