திரும்பி வந்த குத்துச்சண்டைக்காரனும் நானும்

முதுகு வலியால் மாதக்கணக்கில் வீட்டில் கிடந்துவிட்டு, அன்றுதான் மறுபடியும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் புறப்பட்டேன். தோல் வெட்டும் என் பழைய வேலை திரும்பக் கிடைக்குமா என்பது சூப்பர்வைசர் பாய் கையில் இருந்தது. மாதனூரில் கம்பெனி பஸ் ஏறியபோது அவர் முன் சீட்டில் கண்ணை மூடியிருந்தார்.

பின்னால் எல்லோரும் ஒரு போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். ஓய்வு பெற்றுவிட்டுத் திரும்பி வந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரன் ஒருவன் அதில் ஜெயித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பழைய பலம் இருக்கிறதா, போய்விட்டதா என்று இவர்களுக்குள் வாக்குவாதம். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு வாய் மட்டும் காலேஜ் வரை படித்திருக்கிறது. சும்மா இருக்குமா?

“இன்னாத்த ஜெயிச்சான்? அவன் வயித்தப் பாரு. ஆட்டுத்தோலுல வயித்துப் பக்கம் தொளதொளன்னு இருக்குமே, அந்த மாதிரி. ஷூவுக்கு மேல போட முடியாது, உள்ளுக்குத்தான் ஒட்டணும்.”

“எதிராளி விழுந்துட்டான்ல மாமா?” என்றான் பக்கத்து சீட்டு தையல்காரன்.

“இவனைப் பாத்த பேஜார்ல படுத்துட்டான்டா. கால் நகருதா பாரு. ஒரு தபா போனவன் திரும்பி வந்தா வேஸ்ட்டு. வீட்லயே கெடக்கணும்.”

பஸ்ஸே சிரித்தது. பாய் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“கரெக்டா சொன்னப்பா. நீ கட்டிங்குக்குப் போவாத. லேஸ் கோக்குற எடத்துல போய் உக்காரு.”

மத்தியானம் லேஸ் முனை ஓட்டைக்குள் போகாமல் நான் தவித்துக்கொண்டிருந்தபோது, காலையில் அதே பஸ்ஸில் வந்த பக்கத்துப் பெண் கேட்டாள்.

“ஏண்ணா, அந்த ஆளு அடுத்த சண்டையில தேறுவானா?”

“ஏன் தேற மாட்டான்? வயித்தப் பாத்தா முடிவு பண்றது?” என்றேன்.