மக்ரூன் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ்

வகுப்பு ஒரு மக்ரூன் கடையின் மாடியில் நடந்தது. கீழே அடுப்பு, மேலே நாங்கள், வெந்துகொண்டே படித்தோம். நான் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் டீ கொடுத்து, ஃபைல் எடுத்து வைக்கிற வேலையில் இருந்தேன். இந்த கோர்ஸை முடித்தால் மேசை வேலை தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த மேசைக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தேன்.

இன்டர்வியூவில் முதலில் படிப்பைப் பற்றித்தான் கேட்பார்கள் என்பார் சார். நாங்கள் ‘ஸ்டடியிங் எ கோர்ஸ்’ என்போம்; தலையில் அடித்துக்கொள்வார். ‘டேக்கிங்’ என்று சொல்ல வேண்டும், ‘டூயிங்’ என்றாலும் சரி. சேர்ந்தால் ‘என்ரோல்’, பாதியில் விட்டால் ‘ட்ராப் அவுட்’, முடித்தால் ‘கம்ப்ளீட்’. வீட்டிலும் போனில் பேசிப் பழக ஜோடி பிரித்துக் கொடுத்தார். எனக்கு வாய்த்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஓர் அண்ணன்.

அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற என் புருஷன் குடித்துவிட்டு வீட்டிலேயே கிடந்தான். ஓர் ஆம்பளையோடு நான் போனில் சிரித்துச் சிரித்து இங்கிலீஷ் பேசியது அவனுக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தான். பிறகு என் தலையை அதே சுவரில் மோதினான். உதடு கிழிந்தது, ஒரு பல் ஆடியது. மறுநாள் சாயங்காலம் என் முடியைப் பிடித்து இழுத்து மாடிப்படி ஏற்றி, வகுப்பின் நடுவில் நிறுத்தினான்.

“ஏளா, இன்னையோட நிக்கேன்னு சொல்லு. நீ படிச்ச இங்கிலீஷ்லயே சொல்லு. எல்லாவனும் கேக்கட்டும்.”

அவனுக்கு இங்கிலீஷ் அறவே தெரியாது. நான் சாரைப் பார்த்துச் சொன்னேன்: “திஸ் மேன் பீட்ஸ் மீ. ஐ யம் நாட் ட்ராப்பிங் அவுட். ஐ வில் கம்ப்ளீட் திஸ் கோர்ஸ்.”

அவன் திருப்தியாகத் தலையாட்டினான். “சொல்லிட்டாளா சார்?”

சார் அவனிடம் சொன்னார்: “சொல்லிட்டாவ. முடிச்சிட்டுத்தான் நிப்பாவளாம். நீங்க கீழ போங்க.”

புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தான். கிரேன் அண்ணன் எழுந்து வருவதற்குள், பக்கத்தில் மடக்கிச் சாத்தியிருந்த இரும்பு நாற்காலி என் கைக்குக் கிடைத்தது. அதைத் தூக்கி அவன் கையில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தோளில் இன்னொன்று போட்டேன். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. மேசை கிடைத்து இத்தனை காலம் ஆன பிறகும் அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

கத்திக்கொண்டிருந்தவனை இரண்டு பேர் தூக்கிக் கீழே கொண்டுபோனார்கள். சார் மார்க்கரை மூடினார்.

“இன்னைக்கு லீவு விட்டுருவோமா? எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

“எனக்குப் போறதுக்கு வீடு இல்ல சார்,” என்றேன். “பாடத்த நடத்துங்க.”

அவர் நடத்தினார்.