ஏரி நிறத்தில் ஒரு கூறைப்புடவை

எனக்குக் கல்யாணம் நிச்சயமான வாரத்தில் சுங்குவார்சத்திரம் டென்ட் கொட்டகையில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. கதை சுத்த அறுவை. ஆனால் நடுவில் கதாநாயகி கொடைக்கானல் ஏரியில் படகில் போய்க்கொண்டே பாடுவாள். கரையெல்லாம் மரம், மரத்துக்குப் பின்னால் மலை, மலைமேல் மேகம், அத்தனையும் தலைகீழாகத் தண்ணீரிலும் கிடக்கும். பென்னலூரிலிருந்து நாலு தடவை போய்ப் பார்த்தேன். அந்தப் பாட்டு முடிந்ததும் எழுந்து வந்துவிடுவேன். தாலி ஏறும்போது அந்த ஏரியின் நிறத்தில்தான் புடவை கட்டியிருப்பேன் என்று முடிவு செய்துவிட்டேன். பதினெட்டு வயது. பிடித்த பிடியை விடமாட்டேன்.

கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. அவர்கள் மணிமங்கலத்துக்காரர்கள். இரண்டு வீடும் சேர்ந்து ஒரே பஸ்ஸில் காஞ்சிபுரம் போனோம். மாப்பிள்ளை முன் சீட்டிலிருந்து இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

கடைக்காரர் என்ன நிறம் என்று கேட்டார். யாரும் வாயைத் திறப்பதற்குள், "ஏரி கலர்" என்றேன்.

"எந்த ஏரிம்மா?"

"எங்க ஊரு ஏரின்னா காப்பி கலர்ல எடுங்க" என்றார் அப்பா.

நான் படத்தைச் சொன்னேன். வருங்கால மாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. தாம்பரத்தில் அதே படத்தைப் பார்த்து அதே பாட்டில் சொக்கிப்போனவர் அவர். "அட, அந்த ஏரியா! இன்னா பச்ச, இன்னா பச்ச!"

"பச்சயா? நீலம் அத்தே."

"கரையெல்லாம் மரம் கீது. தண்ணி பச்சயா இல்லாம?"

"மேல வானமும்தான கீது?"

கடைக்காரர் தயங்கித் தயங்கி, "அது கறுப்பு வெள்ளைப் படமாச்சேம்மா?" என்றார்.

"அதுக்கு இன்னா இப்போ?" என்று இரண்டு பேரும் அவர்மேல் பாய்ந்தோம்.

விளையாட்டாக ஆரம்பித்தது வினையாகிவிட்டது. நீலத்தில் தாலி கட்டுகிற வழக்கம் தங்கள் வூட்டில் இல்லை என்றார் மாமியார். பச்சையில் நான் மணையில் உட்கார மாட்டேன் என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள். புடவை எடுக்காமலே பஸ் ஏறினோம். முன் சீட்டு முகம் இப்போது திரும்பவே இல்லை. வாய்க்கொழுப்பால் கல்யாணத்தையே கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

சுங்குவார்சத்திரம் வந்ததும் மாமியார் சட்டென்று எழுந்தார். "எல்லாம் எறங்குங்க. படம் இன்னும் மாறல. பாத்தே முடிவு பண்ணிக்கலாம்."

பதினோரு பேரும் இறங்கி முதலாட்டத்துக்குப் போனோம். மணலில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்புயரக் குட்டிச்சுவர். பாட்டு வந்ததும் மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்து, "பாரு, பச்ச!" என்றார். "நல்லா பாருங்க, நீலம்!" என்றேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து, விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு கட்சியில் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி ஊதா என்றாள். அவளை இரண்டு கட்சியும் சேர்ந்து அடக்கியது.

பொறுக்க முடியாமல் மாமியார் எழுந்து சுவருக்கு மேலே குரல் கொடுத்தார். "டேய், நீ சொல்லுடா. இன்னா கலரு?"

மாப்பிள்ளையின் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். "சாம்பக் கலரும்மா."

கொட்டகையே சிரித்தது. "கல்யாணப் பேச்சுல சாம்பலாம்! வாயக் கழுவுடா!" என்று மாமியார் கத்தினார். "தெரிஞ்சதத்தான சொன்னேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் முனகல். எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. முதுகைத் தட்டிவிட்டவர் மாமியார்தான். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் பிழைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிறத்தை மட்டும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் கடைக்காரர் எங்களைக் கண்டதுமே ஒரு மயில்கழுத்துப் பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு வாசல் வெயிலுக்கு ஓடினார். நெடுக்கே ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடு நூல் பச்சை. இப்படிச் சாய்த்தால் நான் ஜெயித்தேன், அப்படிச் சாய்த்தால் மாமியார் ஜெயித்தார். அதைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம், விசேஷம் வந்தால் போதும், "அந்தப் பச்சப் பொடவயக் கட்டிக்கோ" என்பார். "நீலத்தையா அத்தே?" என்பேன்.

என் வீட்டுக்காரர் பின்னால் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வருஷம் தொழிலாளர் குடும்பங்களைக் கொடைக்கானலுக்கு டூர் கூட்டிப்போனார்கள். கேட்க வேண்டுமா? மயில்கழுத்தைக் கட்டிக்கொண்டு, மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, காலையில் முதல் ஆளாக ஏரிக்கு ஓடினேன்.

ஒரே பனி. மரம் இல்லை, மலை இல்லை. வானமும் தண்ணீரும் எது எதுவென்றே தெரியவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை ஒரே நிறம். கொட்டகைத் திரையில் பார்த்த அதே ஏரி, அச்சு அசல்.

பின்னால் வந்து நின்ற என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, "நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார்.

"மூடுடா வாய!" என்றார் மாமியார். அடுத்த வார்த்தையை இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னோம்.

மாமியார் நீலம் என்றார். நான் பச்சை என்றேன்.