மூன்று வாரம் முந்திய காய்

அந்தலாஹா ஊர்ப் பக்கத்து வனிலா விவசாயிகள், காய் கொடியில் பச்சையாகத் தொங்கும்போதே ஊசி செருகிய தக்கையால் ஒவ்வொன்றிலும் தங்கள் குறியைக் குத்திவிடுவார்கள். காய் பதமாகிக் கறுத்த பிறகும் குறி அழியாது. திருட்டுக் காய் எங்கே போனாலும் யாருடையது என்று தெரிந்துவிடும்.

வெலோன்ஜாராவின் குறி பிறை. அது தெரிந்தால் போதும், காயை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் விவசாயிகள் சங்கத்தில் யாரும் அவர் காயை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை; அவ்வளவு நம்பிக்கை.

அன்று, பிரான்சிலிருந்து திரும்பி வந்த பெட்டியைச் சங்கக் கொட்டகையில் பிரித்தார்கள். பூஞ்சணம் பூத்திருந்தது. முற்றாமல் பறித்த காய், வாசனையே ஏறவில்லை, இனி உங்களிடம் வாங்குவதா என்று யோசிக்கிறோம் என அங்கிருந்து எழுதியிருந்தார்கள். கெட்டுப்போன கட்டுகள் அத்தனையிலும் பிறை இருந்தது. பிறையை நம்பி யாரும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டவை அவை; சங்கத்தில் போட்டவன் தொம்பு என்பதைக் கணக்கேட்டில் இப்போதுதான் பார்த்தார்கள். சனிக்கிழமைச் சந்தையில் ஒரு வியாபாரியிடம் வாங்கியதாகச் சொன்னான். யாரும் நம்பவில்லை. வெலோன்ஜாராவின் கொடிகளைத் திருடன் மொட்டையடித்த கதை ஊருக்கே தெரியும்.

கதையைக் கட்டியவர் வெலோன்ஜாராதான். அந்தப் பருவத்தில், அறுவடைக்கு அரசு குறித்த நாளுக்கு மூன்று வாரம் இருக்கையில் பக்கத்துத் தோட்டங்கள் இரண்டில் திருட்டுப் போனது. அந்தப் பயத்தில் இருந்ததையெல்லாம் பறித்து, முன்பின் தெரியாத ஒரு வியாபாரியிடம் தள்ளிவிட்டார். பிறகு, முந்திப் பறித்ததை மறைக்க, திருடன் கொண்டுபோய்விட்டான் என்று வெறுங்கொடியைக் காட்டி அழுதார்.

சங்கத் தலைவி ஸாஃபிசுவா கொட்டகைக்கு வந்திருந்த வெலோன்ஜாராவுக்குத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. இவனைப் போலீஸ்ல ஒப்படைச்சிடலாம்."

"மாடு திருடுறவன்கூட மாட்டுக் காதை அறுத்து அதுல இருக்கிற அடையாளத்தை மாத்துவான். இவனுக்கு அந்தப் புத்தியும் இல்லை" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். தொம்பு தரையைப் பார்த்தபடி நின்றான்.

வெலோன்ஜாராவுக்குக் காது மடல் சுட்டது. நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை.

"அவன் திருடலை" என்றார். "நாந்தான் பறிச்சேன். அரசு சொன்ன நாளுக்கு மூணு வாரம் முந்தியே. வியாபாரிகிட்ட வித்ததும் நாந்தான்."

சிரிப்பு அடங்கியது. ஸாஃபிசுவா அவர் பக்கம் திரும்பினாள். "எல்லாம் போச்சேன்னு நீங்க அழுதப்போ உங்க வீட்டுக்குச் சோறு ஆக்கிக் கொண்டாந்தேனே அண்ணே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தொம்பு மட்டும் குனிந்து, பூஞ்சணம் பிடித்த பெட்டியை வெளியே இழுக்கத் தொடங்கினான். தனியாளாக இழுக்க முடியாத கனம். வெலோன்ஜாரா ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தார்.

"வேண்டாம்" என்றான் தொம்பு. "கையை எடுங்க."

எடுத்தார்.