டோல்கேட் தாண்டினால் வரும் அழைப்பு

போன வருடம் ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. இடம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். பட்டப்பகல். வாசலில் டீக்கடை, சுற்றிலும் லைசென்ஸ் எடுக்க வந்த கூட்டம். அந்த இடத்தில் வைத்து எனக்குக் கைகால் வெலவெலத்துப் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால், போங்கள் ஐயா என்று சிரித்திருப்பேன்.

நாங்கள் ராஜபாளையத்துக்காரர்கள். ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி அனுப்பும் சின்ன யூனிட் வைத்திருக்கிறோம். சரக்கு விஷயமாக வாரத்தில் ஒரு நாளாவது மதுரைக்குப் போக வேண்டியிருக்கும். கார் ஓட்டுவது நான். என் வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எதிரே லாரி வந்தால் இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார். எனக்குக் கார் கிறுக்கு உண்டு என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் செங்கோட்டைப் பக்கம் ஒரு புரோக்கர் அந்தப் பழைய ஜப்பான் காரைப் பற்றிச் சொன்னதும், யாரையும் கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

புனலூரில் குடியிருந்த தமிழ்க்காரர் ஒருவருடைய வண்டி அது. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போது, தான் ஓட்டிய காரையே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாராம். கேரளா நம்பர். கரும்பச்சை நிறம், கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம். அவரை நான் நேரில் பார்க்கவில்லை. உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் இருந்தார். கையெழுத்துப் போட்ட பேப்பர், வண்டி வெளி மாநிலம் போக ஆட்சேபணை இல்லை என்று கேரளா ஆபீஸ் தரும் என்.ஓ.சி. எல்லாம் புரோக்கரே வாங்கித் தந்தார். போனில் ஒரே ஒரு தடவை பேசினேன். ஏ.சி. போட்டதும் வண்டி கொஞ்சம் திணறும், பயந்துவிடாதீர்கள் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அந்த எண்ணை ‘கார்க்காரர்’ என்று பதிந்துவைத்தேன்.

வேறு மாநில வண்டி என்றால் இங்கே வரி கட்டி நம் பெயருக்கு மாற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய வண்டி என்றால் அது பெரிய ரோதனை. சுங்கத்தில் அந்தக் காலத்தில் கட்டியதையும் சேர்த்து வண்டிக்கு மதிப்புப் போட்டு, வயதுக்குத் தக்கபடி கழித்து, பிறகுதான் வரி எவ்வளவு என்று சொல்வார்கள். ஒரு பேப்பர் இருந்தால் இன்னொன்று இருக்காது. நான் பாட்டுக்கு இழுத்தடித்துக்கொண்டே கேரளா நம்பரில் மதுரைக்கும் ராஜபாளையத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தேன்.

முதல் தடவை மதுரைக்குப் போனபோது, திருமங்கலம் தாண்டி டோல்கேட்டில் கம்பி தானாகத் தூக்கிக்கொண்டது. கண்ணாடியில் பழைய ஓனரின் ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. என் பெயருக்கு மாறும்வரை புது ஸ்டிக்கர் வாங்க வழியில்லை. அவர் போட்டிருந்த காசு மிச்சமிருக்கும் போல, தீரும்வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். மாதங்கள் போயின, அது தீரவே இல்லை. நமக்கு அடித்த யோகத்தைப் பார்த்தீர்களா என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்த டோல்கேட்டைத் தாண்டும்போதெல்லாம் போன் வர ஆரம்பித்தது. ‘கார்க்காரர்’ என்று திரை காட்டும். எடுத்தால் பேச்சு இருக்காது. எங்கேயோ ஒரு மின்விசிறி கடகடவென்று சுற்றும் சத்தம், ஒரு மூச்சு, பிறகு கட். திருப்பி அடித்தால் மணி அடித்து ஓயும், எடுக்க மாட்டார்கள். நோயாளி, கை தவறிப் பட்டிருக்கும் என்று முதலில் நினைத்தேன். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று தவறாமல் வந்ததும் எரிச்சலாகிவிட்டது. என் வீட்டுக்காரர்தான் ஒன்றைக் கவனித்தார். பக்கத்தில் இருக்கும் மம்சாபுரத்துக்கோ செண்பகத்தோப்புக்கோ போனால் போன் வருவதில்லை. ராஜபாளையத்துக்குள் நாள் முழுக்கச் சுற்றினாலும் வருவதில்லை. “அதுக்கு மதுரைன்னாதான் பிடிக்கும் போல” என்றார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் மறுநாளே முன்பக்க பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே நம்பிக்கொள்வார்.

ஒரு நாள் மட்டும் நானும் பயந்தேன். மதுரையில் ஒரு குடோன் வாசலில் சரக்குக்காகக் காத்திருந்தேன். வழக்கமாகச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவேன், அன்றைக்கு இழுத்துக்கொண்டே போனது. நல்ல மழை. தனியாகக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறேன், கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. போன் அடித்தது. அதே மின்விசிறி, அதே மூச்சு. எனக்குச் சுர்ரென்று ஏறி, யார் நீங்கள், என்ன வேண்டும் உங்களுக்கு என்று சத்தம் போட்டேன். அந்தப் பக்கமிருந்து, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத அளவுக்கு மெல்லிய குரலில் ஒரே ஒரு கேள்வி வந்தது.

“இன்னும் திரும்பலையா?”

கட்.

நான் இன்னும் திரும்பவில்லை என்பது, அன்றைக்கு வேறு வேலையாக வெளியூர் போயிருந்த என் வீட்டுக்காரருக்கே அப்போது தெரியாது. புனலூரில் படுத்திருக்கும் மனிதருக்கு எப்படித் தெரியும்? பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். வெறும் துணி மூட்டைதான் இருந்தது. ஆனாலும் ஊர் வந்து சேரும்வரை கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். அதை வீட்டுக்காரரிடம் சொல்லவே இல்லை.

அதற்கப்புறம் கிருஷ்ணன்கோவில் பக்கத்தில் வாகனச் சோதனையில் மாட்டினேன். அடுத்த தடவை இதே நம்பரில் வந்தால் வண்டியைப் பிடித்துவைத்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். என்.ஓ.சி.யின் கெடுவும் முடிய இருந்தது. அது முடிந்துவிட்டால் மறுபடி கேரளாவில் ஆரம்பித்து, பழைய ஓனரிடம் மறுபடி கையெழுத்து வாங்கி... நினைக்கவே தலை சுற்றியது. விழுந்தடித்துப் பேப்பரையெல்லாம் சேர்த்து, கெடு முடிகிற அன்றைக்குத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தோம். சாமர்த்தியசாலி, இல்லையா?

வண்டியைப் பரிசோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் பொறுமையான மனிதர். நம் ஊர் வண்டிகளில் இருக்கிற இடத்தில் சேஸிஸ் நம்பர் இல்லாமல், குனிந்தும் நிமிர்ந்தும் டார்ச் அடித்துத் தேடினார். கடைசியில் பானெட்டுக்குள் ஆழத்தில் கண்டுபிடித்து, அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். எல்லாம் சரி, போய் வரியைக் கட்டிவிட்டு வாருங்கள் என்றார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைகளை முடித்துத் தர நாங்கள் பிடித்திருந்த ஏஜெண்ட், பக்கத்துப் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனார். ஆன்லைனில் வரி கட்டும்போது, பழைய பதிவில் இருக்கிற போனுக்குத்தான் ஓ.டி.பி. போகும், ஓனரைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள் என்றார். நான் அடித்தால்தான் அவர் எடுப்பதில்லையே. புரோக்கருக்கு அடித்து, அவரிடம் கொஞ்சம் சொல்லிவையுங்கள் என்றேன்.

புரோக்கர் சொன்னார். “யாருட்ட சொல்லச் சொல்லுதிய? வண்டிய வித்த மறு வாரமே அவிய தவறிட்டாவல்லா. ஒங்களுக்குத் தெரியாதா?”

முந்தின வாரம்கூட எனக்கு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்திருந்தது. போனை மேஜைமேல் வைத்துவிட்டேன். விஷயம் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். “வேண்டாம்ட்டி. சாவிய இந்த ஏஜெண்டுட்டயே குடுத்துட்டு பஸ்ல போயிருவோம்.” அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏஜெண்டுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. ஆள் போனால் என்ன, நம்பர் உயிரோடுதான் இருக்கிறது, ரிங் போகிறது பாருங்கள் என்று தன் போனிலிருந்து அடித்துக் காட்டினார். கெடு நாள், மதியம் தாண்டிவிட்டது, கவுண்டர் மூடிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் இருந்த பெண் பட்டனைத் தட்டிவிட்டு, ஓ.டி.பி. போயிருச்சுக்கா, கேளுங்க என்றாள்.

நான் ‘கார்க்காரர்’ எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. எடுத்தார்கள்.

அதே மின்விசிறி.

யாராக இருந்தாலும் சரி, உங்கள் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதை மட்டும் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். ஓ.டி.பி.க்கான நேரம் முடிந்துவிட்டது, இன்னொன்று அனுப்புகிறேன் என்றாள் அந்தப் பெண். தட்டினாள். போனுக்குள், அந்தப் பக்கத்தில் மெசேஜ் வந்து விழும் மணிச்சத்தம் என் காதிலேயே கேட்டது. உடனே யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல், பரபரப்பாக, ஏதோ ஆசையோடு.

“வண்டி எங்க வந்துக்கிட்டிருக்கு? டோல்கேட் பேரக் காணோமே, வெறும் நம்பராவுல்ல இருக்கு?”

கார்க்காரருடைய மனைவி.

எனக்குப் பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தன் வீட்டுக்காரர் இங்கே வேலைக்குப் போய்த் திரும்பும்போது, வண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் போனில் மெசேஜ் வருமாம். மெசேஜ் வரும் போன் அவருடையதுதான், ஆனால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுபோவாராம். மெசேஜைப் பார்த்த பிறகுதான் இந்த அம்மா தோசைக் கல்லை அடுப்பில் வைப்பாராம். அவர் இறந்த பிறகும் மெசேஜ் நிற்கவில்லை. நான்தான் வாரா வாரம் தாண்டிக்கொண்டிருந்தேனே! மெசேஜ் வந்ததும் பழக்க தோஷத்தில் கை போனை எடுத்துவிடும் என்றார். என் குரல் கேட்டதும் பேச்சு வராதாம்.

“அவிய ஆஸ்பத்திரில இருந்துக்கிட்டு ஒங்க நம்பர ‘நம்ம கார்’னு போட்டு வச்சிருக்காவ. அதத்தான் அமுக்குவேன்.”

அந்த மழை நாளில் திரும்பும் மெசேஜ் வராமல் பயந்துபோய்த்தான் கேட்டாராம். ஸ்டிக்கரில் காசு குறையும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் போடச் சொன்னதும் அவர்தான். வண்டி வழியில் நின்றுவிடக் கூடாதல்லவா என்றார். யோகம் அடித்தது என்று நான் பீற்றிக்கொண்டது அந்தக் காசைத்தான்.

பிறகு கேட்டார், இந்த நம்பர் எதற்கு என்று. பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வரி கட்டி வண்டியை என் பெயருக்கு மாற்றுகிறோம் என்றேன்.

“மாத்துன பொறவு இந்த போனுக்கு ஒண்ணும் வராதுல்ல?”

இல்லை என்றேன். கம்ப்யூட்டர் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அந்த அம்மாவை அவசரப்படுத்த எனக்கு மனசு வரவில்லை. வண்டி போனால் போகிறது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு அந்த எண்ணை, ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி, நான் எழுதிக்கொள்ளும்படி சொல்லிக் கொடுத்தார். வரி கட்டியாகிவிட்டது என்று திரையில் வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். பேய்க்குப் பயந்த என் வீட்டுக்காரர் கர்சீப்பை எடுத்துக் கொடுத்தார், அவருக்கும் அது தேவையாக இருந்தது.

போனை வைப்பதற்கு முன்னால், இனி ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் நானே உங்களுக்கு மெசேஜ் போடுகிறேன் என்று சொன்னேன். பெரிய மனசு பண்ணுவதாக எனக்கு நினைப்பு.

“வேண்டாம்க்கா. நீங்க போட்டா நீங்க வாரீயன்னுதான இருக்கும்? இம்புட்டு நாளும் அவிய வாராவன்னுல்லா வண்டி சொல்லிச்சு.”

அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரவில்லை. இப்போது தமிழ்நாடு நம்பர், புது ஸ்டிக்கர், டோல்கேட் மெசேஜ் என் போனுக்கே வருகிறது. அந்த அழைப்புகளுக்குப் பயந்தவள்தான் நான். ஆனால் இன்றைக்கும் மதுரையிலிருந்து திரும்பும்போது அந்த டோல்கேட்டைத் தாண்டியதும் ஓரமாக வண்டியை நிறுத்திச் சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறேன். போன் அடிப்பதில்லை, புனலூரில் அடுப்புப் பற்றவைக்க ஒருத்தி இன்னும் காத்திருக்கிறாளோ என்ற அந்த நினைப்புதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.