ஜீப்பில் கொடுத்த மாத்திரை

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. வழக்கம்போல இருட்டோடு எழுந்து, சோறு வடித்து, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போடியில் ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போனேன். மலையேறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் நான் காய் எடுக்கிறேன். என் அண்ணன் மனைவிக்கும் அங்கேதான் வேலை. ஜீப்பில் மதினியும் நானும் ஒட்டித்தான் உட்காருவோம்.

வண்டி கிளம்பும் முன் எங்கள் கங்காணி, ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு வலி மாத்திரை கொடுப்பார். ஏலக்காய், செடியின் தூரில் காய்ப்பது. பகல் முழுக்கக் குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும், இடுப்பும் குறுக்கும் விட்டுப்போகும். அதனால் வலி வருவதற்கு முன்பே மாத்திரை. அதுவும் வெறும் வயிற்றில், பால் விடாத கட்டன் சாயாவோடு. எனக்கு அது குமட்டும் என்பதால் வாங்குவதில்லை. மதினி ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

"வயிறு எரியுதுண்ணே" என்று மதினி சொன்னால், "ரெண்டு காயை வாயில போட்டு மெல்லு, சரியாப் போகும்" என்பார் கங்காணி. சாயங்காலம் எங்கள் தூக்குவாளியைத் திறந்து காட்டச் சொல்லி, ஒரு காய் ஒட்டியிருந்தாலும் வாய்க்கு வந்தபடி ஏசுகிற மனிதர், இதற்கு மட்டும் தாராளம் காட்டினார்.

அன்று மதியச் சோற்றுக்கு முன்பு, மதினி செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காப்பித்தூளைக் கரைத்த மாதிரி வாந்தி எடுத்தார். அடுத்த முறை வந்தது ரத்தம்.

கங்காணி எட்டிப் பார்த்தார். "பித்தந்தான். ஸ்டோர்ல போயி படுக்கச் சொல்லு. சாயங்காலம் ஜீப்புல எல்லாரோடயும் போகட்டும்."

"ரத்தம்ணே அது! இப்பவே ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க."

"லோடு ஏத்தணும்ல? நீ கூப்புட்டா வரதுக்கு அது என்ன ஆட்டோவா?"

"மதினிக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஒங்க லோடு மேலதான் அவங்களத் தூக்கி வைப்பேன். அப்ப ஜீப்பைக் கீழ இறக்கித்தானே ஆகணும்!"

என் குரலுக்கு மற்ற பெண்களும் கூடையை வைத்துவிட்டு வந்து நின்றார்கள். கங்காணி வாயைத் திறப்பதற்குள் டிரைவரே, "ஏறுங்கக்கா" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

வளைவுக்கு வளைவு மதினியின் தலை என் மடியில் உருண்டது. "ஆத்தா, போனசு வாங்கிட்டாவது சாகணும். இல்லன்னா ஒங்கண்ணன் முழுசாக் குடிச்சிரும்" என்று சிரிக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போடி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சுகரு, பிரசரு ஒண்ணும் கெடையாதும்மா" என்றார் மதினி. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். நாங்கள் பொய் சொல்லவில்லை. சீட்டு எழுதி வாங்குவதுதான் எங்களுக்கு மாத்திரை. ஜீப்பில் கொடுப்பது சாயாவோடு சேர்ந்த ஒன்று, அவ்வளவுதான்.

மதினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். வாசலில் நின்ற டிரைவருக்கு மனசு பொறுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். "இந்தாங்கக்கா, நம்ம மாத்திரைதான். ஒண்ணு போடுங்க, வெரசா கேக்கும்."

டாக்டரம்மா அதைப் பிடுங்கிக்கொண்டார். "இதை யாரு குடுத்தா? எத்தனை நாளா?"

"நாளா? வருசக்கணக்காம்மா" என்றார் டிரைவர், அப்பாவியாக.

மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறதா என்று அடுத்த கேள்வி. மதினி வெட்கப்பட்டு மெல்லத் தலையசைத்தார். அதுவரை அதை எங்கள் யாரிடமும் அவர் சொன்னதில்லை.

டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இந்த மாத்திரை வலியைக் குறைக்கும். கூடவே வயிற்றுக்குள் அமிலம் படாமல் காக்கிற பூச்சையும் குறைத்துவிடும். குடலையும் விட்டுவைக்காது. டாக்டர் பார்த்து, இத்தனை நாளைக்கு என்று சொல்லி, சாப்பிட்ட பிறகு போட வேண்டியது இது. தினமும் வெறும் வயிற்றில் போட்டால் உள்ளே புண்ணாகி ரத்தம் கசியும். காயை மென்றால் வாய்தான் மணக்கும், புண் ஆறாது.

அங்கிருந்து தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, ரத்தம் கசிந்த இடத்தை அடைத்தார்கள், ரத்தமும் ஏற்றினார்கள். தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று சொன்னார்கள். "ஸ்டோர்ல போயி படுக்கச் சொல்லு" என்ற குரல் என் காதிலேயே நின்றது.

அந்த நேரம் பார்த்து கங்காணியே போன் செய்தார். மதினி எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. "மாத்திரையை நானா வாயில திணிச்சேன்? அவளாத்தானே கைய நீட்டுனா? சரி, நாளைக்கு அவளுக்குப் பதிலா ஒரு ஆளக் கொண்டா" என்றார். பதில் சொன்னால் என்ன வார்த்தை வரும் என்று எனக்கே தெரிந்ததால் போனை வைத்துவிட்டேன். அண்ணன் வந்து துணைக்கு இருந்தார். நான் வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அடுப்புகூடப் பற்றவைக்காமல், ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போனேன். கங்காணி இன்னும் வரவில்லை. டப்பாவை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தேன். டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. வந்து சேர்ந்த பெண்களிடம் மதினிக்கு நடந்ததைச் சொன்னேன்.

"அதெல்லாம் சரித்தா. இன்னைக்குக் குறுக்கு வலிச்சா என்ன செய்ய?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நிமிந்து நில்லு. வலி விடுற வரைக்கும் நில்லு. ஏன் நிக்கிறன்னு எவனாச்சும் கேட்டா என்னையக் கூப்புடு."

இடையில் நாங்கள் நிமிரக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மாத்திரை என்று புரிந்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அது ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.