ஒன்பதாம் கல்லில் போட்ட கோடு

எங்கள் கிணறு உப்பாகவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். "உந்தக் கிணறு இன்னும் ரெண்டு வருசத்திலை கடல்தான்" என்று சந்தியில் நின்று சொன்னவர்கள் எல்லாரும் இப்போது வாயை மூடிக்கொண்டு திரிகிறார்கள். வேண்டுமானால் வரட்டும். ஒரு வாளி அள்ளித் தருகிறேன், குடித்துப் பார்க்கட்டும்.

இது பங்குக் கிணறு. நாலு பங்கு. ஒன்று என்னுடையது, சீதனமாக வந்த ஆறு பரப்புத் தோட்டத்தோடு சேர்ந்து வந்தது. ஒன்று என் அண்ணையுடையது. ஒன்று ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாமியுடையது. சொந்த மாமி இல்லை, ஊர் முழுக்க அவவை மாமி என்றுதான் கூப்பிடும். நாலாவது பங்கு எங்கள் சித்தப்பாவின் மகனுக்கு. அவன் கனடாவில் இருக்கிறான். ஆளில்லாத அந்தப் பங்கையும் அண்ணைதான் இறைத்துக்கொண்டிருந்தார்.

நாளுக்கு ஒருவர் என்று முறை. உன் நாளில் விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை கிணறு உன்னுடையது. அன்றைக்கு நீ இறைக்காவிட்டால் முறை போய்விட்டது. திரும்ப வர நாலு நாள் செல்லும்.

முறை போய்விடும் என்ற பயத்தில் நாங்கள் செய்த வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது இறைப்போம். ஒரு கார்த்திகை மாதம் நான் ஒரு கையில் குடையும் மறு கையில் மண்வெட்டியுமாக நின்று வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தேன். ஒழுங்கையால் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று பார்த்தார்.

"என்ன அக்கா, மேலை இருந்தும் இறைக்கினம், கீழை நீங்களும் இறைக்கிறியள்?"

"என்ரை முறை, நான் இறைப்பன். நீர் போற அலுவலைப் பாரும்" என்று கத்தினேன்.

அந்த மனிதன் சொன்னது சரி. நான் ஒரு விசரி. இறைத்த மூன்று பேருக்கும் பைத்தியம்தான். தேவைக்கு இறைக்கவில்லை, உரிமைக்கு இறைத்தோம். கிணறு வற்றி, தண்ணீர் இறைக்கும் மிசின் காற்றை இழுத்துக் கத்தும்வரை நிறுத்தமாட்டோம். மீதம் விட்டால் அடுத்தவன் கொண்டுபோய்விடுவான் என்ற எரிச்சல். வேறு ஒரு காரணமும் இல்லை.

பிறகு ஒரு ஆனி மாதம் வெங்காயத் தாளின் நுனி கருகத் தொடங்கியது. முதலில் என் தோட்டத்தில், அடுத்த கிழமை மாமியின் தோட்டத்தில். அண்ணை தன்னுடையதைப் பார்த்துவிட்டு நோய் என்றார். மருந்து வாங்கி அடித்தார். நுனி இன்னும் கருகியது. வேறு மருந்து வாங்கி அடித்தார். எங்கள் வீட்டில் பருப்பு அவிய மறுத்தது. தேத்தண்ணி வாயில் ஒரு மாதிரி நின்றது. எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் வெளியில் சொல்லப் பயமாக இருந்தது. அந்தக் கிணறு உப்பானால் ஆறு பரப்பும் வெறும் செம்மண்தான். எனக்கு வேறு தொழில் தெரியாது, வேறு காணியும் இல்லை.

எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியை ஒரு சின்னப் பெட்டை. ஸ்கூட்டியில் வந்து இறங்கினா. உப்பு அளக்கும் மீற்றரை விடியற்காலையில், மிசின் போடமுதல், வாளித் தண்ணீரில் வைத்தா. பின்னேரம் அண்ணை இறைத்து முடித்த பிறகு திரும்ப வந்து வைத்தா. எண் எங்கேயோ ஏறிப்போய் நின்றது.

"அன்ரி, உங்கடை கிணத்திலை ரெண்டு தண்ணி இருக்கு" என்றா. "சுண்ணக்கல்லுக்குள்ளை மழைத்தண்ணி மேலை மிதக்குது. அதுக்குக் கீழை உப்புத்தண்ணி. மேலை இருக்கிறதை நீங்கள் வழிச்சு எடுக்க எடுக்க, கீழை இருக்கிறது எழும்பி வருது. வத்த இறைச்சால் நீங்கள் உப்பைத்தான் பாத்திக்கு விடுறியள்."

அண்ணை மீற்றரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, உது சீனாச் சாமானோ?"

"ஓம் ஐயா. ஆனால் உப்பு உங்கடை கிணத்துச் சாமான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. நான் சிரித்ததுதான் பிழை. அதோடு இரண்டு நாள் வீம்பு பிடித்தவர், மூன்றாம் நாள் அறிவித்தார்: தண்ணீர் காணாததுதான் பிரச்சினையாம். கிணற்றின் அடியில் குழாய் இறக்கி ஆழத்தில் இருக்கும் தண்ணீரை எடுத்தால் எல்லாம் சரியாகுமாம். துளையடிக்கிற லொறிக்கும் சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை வருமாம்.

"ஆழத்திலை இருக்கிறது உப்பு எண்டுதானே அந்தப் பிள்ளை சொன்னது?" என்றேன்.

"அவள் படிச்சது புத்தகம். நான் நாப்பது வருசம் இறைச்சவன்."

"நாப்பது வருசம் இறைச்சுத்தானே இந்த நிலைமை."

"வாய் காட்டாதை. என்ரை ரெண்டு முறையிலை நான் என்னவும் செய்வன்."

குழாய்க் கிணறு அடிக்க அனுமதி வேண்டும் என்று போதனாசிரியை சொன்னதற்கு, இது புதுக் கிணறு இல்லை, பழைய கிணற்றுக்குள் ஒரு ஓட்டை, அதற்கு ஆர் அனுமதி கேட்கிறது என்றார். அவ முறைப்பாடு எழுதிக் கொடுக்கச் சொன்னா. கொடுத்தேன். கடிதம் மேசைக்கு மேசை போக நாள் எடுக்கும், லொறி வெள்ளிக்கிழமை வரும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பெட்டகத்தைத் திறந்து என் சீதன உறுதிப் பத்திரத்தை எடுத்தேன். கலியாணத்துக்குப் பிறகு அதை நான் வாசித்ததே இல்லை. 'கிணற்றில் நாலிலொரு பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும்' என்று இருந்தது. நாள் என்று ஒரு சொல் இல்லை. முறை என்று ஒரு சொல் இல்லை. நாள் பிரித்தது நாங்கள். கிணறு பிரியவே இல்லை. அதன் அடிமட்டம் வரைக்கும் நாலு பேருக்கும் சொந்தம்.

உடனே கிணற்றடிக்குப் போய்க் கனடாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அங்கே விடியவில்லை. படுக்கையில் இருந்து எழும்பியவன் முகம் வீங்கிப்போய்த் தெரிந்தது.

"என்னக்கா, ஆரும் செத்துப்போச்சினமோ?"

"இல்லை, கிணறு சாகப்போகுது. உன்ரை முறையை ஆர் இறைக்கினம் எண்டு தெரியுமோ?"

"ஒருத்தரும் இறைக்கேல்லை, சும்மா கிடக்குது எண்டு அண்ணை சொன்னவர்."

போனைக் கிணற்றுக்குள் திருப்பிக் காட்டினேன். அடியில் சேறும் கல்லும் தெரிந்தன. "அக்கா, நான் சொல்லுறதை அப்பிடியே ரெக்கோட் பண்ணுங்கோ" என்றான். தன் பங்கில் ஒருவரும் துளை அடிக்கக் கூடாது, தன் முறையை இனிமேல் ஒருவரும் இறைக்கக் கூடாது, அந்த நாள் கிணற்றுக்கு ஓய்வு என்று தன் வாயால் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை லொறி வந்தது. அண்ணையின் கத்தரித் தோட்டத்து ஓரத்தால் கிணறு வரைக்கும் வந்து நின்றது. நான் கிணற்றுக்கட்டில் ஏறி இருந்தேன். மடியில் உறுதி. பக்கத்தில் மாமி. அவவை நான் கூப்பிடவே இல்லை. வெற்றிலைப் பெட்டியோடு தானாக வந்து ஏறி இருந்தா.

"இறங்கடி" என்றார் அண்ணை.

"ஏலாது."

"மாமி, நீங்களாவது இறங்குங்கோ. வயது போன நேரத்திலை உள்ளுக்கை விழப்போறியள்."

"விழுந்தால் என்ன தம்பி, உள்ளுக்கை தண்ணி இருந்தால்தானே தாழுறதுக்கு?" என்றா மாமி. லொறிக்காரர் சத்தமாகச் சிரித்தார்கள்.

நான் உறுதியை லொறிக்கார முதலாளியிடம் நீட்டினேன். போனில் கனடாக்காரனின் குரலைப் போட்டுக் காட்டினேன். "நாலு பங்கிலை மூண்டு பங்கு வேண்டாம் எண்டு நிக்குது. அடிச்சியள் எண்டால் பொலிசுக்குப் போவன், வழக்குப் போடுவன், உங்கடை லொறிக்கு முன்னாலை படுப்பன். நான் சும்மா சொல்லுற ஆளில்லை, இந்த ஊரிலை ஆரையும் கேளுங்கோ."

அவர் அண்ணையைப் பார்த்தார். "ஐயா, உங்கடை சொந்தக் கிணறு எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

அந்த நேரம் பார்த்துப் போதனாசிரியை கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தா. அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே, "அனுமதிப் பத்திரம் எங்கை?" என்றார். அண்ணை வானத்தைப் பார்த்தார். வானம் அனுமதி தரவில்லை. லொறி பின்னுக்குப் போனது. போகும்போது இரண்டு வரிசைக் கத்தரிச் செடியைச் சப்பளித்துக்கொண்டு போனது. அதுவும் அண்ணையின் கத்தரி. பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் வராது.

ஆனால் லொறி போனதால் மட்டும் கிணறு தப்பாது என்று எனக்குத் தெரியும். நாங்கள் இறைக்கிற விதம் மாற வேண்டும். போதனாசிரியை அடுத்தடுத்து மூன்று நாள் வந்தா. இறைக்க இறைக்க, தண்ணீர் ஒவ்வொரு கல்வரியாகக் கீழே இறங்கும்போதும் அளந்தா. மேலிருந்து எண்ணினால் ஒன்பதாம் கல் வரைக்கும் தண்ணீர் நல்லது. அதற்குக் கீழே போனால் எண் ஏறுகிறது. "இதுதான் உங்கடை எல்லை" என்றா.

வீட்டுக் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற் இருந்தது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கிணற்றுப் படிக்கல்லில் கால்வைத்து இறங்கினேன். என் இடுப்பில் கட்டிய கயிற்றின் மற்ற நுனி பூவரச மரத்தில். மாமி மேலே நின்று, "விழுந்து துலையாதை, உன்னைத் தூக்க எனக்குப் பெலனில்லை" என்று முழு நேரமும் திட்டிக்கொண்டிருந்தா. ஒன்பதாம் கல்லில் சுற்றிவரக் கோடு போட்டேன். கோணல் கோடுதான். தெரிந்தால் போதும்.

புது ஒழுங்கு இதுதான்: யாருடைய நாளாக இருந்தாலும் தண்ணீர் கோட்டுக்கு வந்தால் மிசின் நிற்க வேண்டும். மழை பெய்து நீ இறைக்காமல் விட்டால் உன் முறை போகாது. மிசின் கொட்டிலில் தொங்கும் பலகையில் எழுதிவைத்து, வெயில் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். மாமி உடனே சம்மதித்தா. "முறை எனக்கு நிக்குமெண்டால் நான் ஏன் மழைக்கை நனையிறன்?" என்றா. இத்தனை வருசமும் இந்த ஒரு கேள்வியை நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணை சம்மதிக்கவில்லை. என்னோடு கதைப்பதையும் நிறுத்தினார். அந்தப் போகம் முழுவதும் தன் நாளில் கோட்டைத் தாண்டி இறைத்தார். நான் வரம்பில் நின்று கத்துவேன். அவர் காது கேட்காதவர் மாதிரி நிற்பார். ஆனால் கனடாக்காரனின் நாளில் கிணறு ஓய்ந்தது. அந்தக் கார்த்திகை மழையில் என் மிசினும் மாமியின் மிசினும் ஓடவில்லை. கொட்டிலுக்குள் நனையாமல் இருந்தன. பலகையில் என் பெயரிலும் மாமியின் பெயரிலும் முறைகள் சேர்ந்து நின்றன. தண்ணீர் இரண்டாம் கல்லுக்கு வந்தது.

அடுத்த ஆனியில் என் வெங்காயத் தாள் நுனிவரைக்கும் பச்சை. மாமியுடையதும் பச்சை. கோடு தாண்டி இறைத்த அண்ணையின் பாத்திகளில் மட்டும் கருகல். ஒரே கிணறு, ஒரே மண், நடுவில் ஒரு வரம்புதான். ஒரு காலை அவர் அந்த வரம்பில் குந்தியிருந்து என் தாள் ஒன்றைப் பிடித்து நுனியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். என்னைக் கண்டதும் எழும்பிப் போய்விட்டார். நான் வாயை அடக்கிக்கொண்டு குனிந்து களை பிடுங்கினேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு அவருடைய முறை. மத்தியானம் அவரின் மிசின் நின்றது. காற்றை இழுத்துக் கத்தாமல், சும்மா நின்றது. பழுதாக்கும் என்று நினைத்தேன்.

"எடியே! வந்து பார்" என்று கிணற்றடியில் இருந்து கூப்பிட்டார். ஒரு வருசத்துக்குப் பிறகு கேட்ட குரல். போனேன். எட்டிப் பார்த்தேன். கோட்டுக்கு மேலே நாலு விரல் தண்ணீர் நின்றது. பின்பக்கம் அவருடைய அரைவாசிப் பாத்தி இன்னும் நனையாமல் கிடந்தது.

"மிச்சத்தைப் பலகையிலை எழுது" என்றார். எழுதினேன். என் கையெழுத்துப் பெரிசாகவே விழுந்தது.

போன கிழமை என் முறை. மீற்றர் காலையும் மாலையும் ஒரே எண்ணைக் காட்டுகிற காலம் இது. நான் மிசினைப் போட்டுவிட்டு மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். கிணற்றடியில் ஒரே சத்தம். அண்ணை கிணற்றுக்கட்டில் ஏறி நின்று, கையில் கிடந்த தடியை ஆட்டி ஆட்டி ஊருக்கே கேட்கக் கத்தினார்.

"எடி விசரி, கோடு வெளியிலை தெரியுது! தண்ணி கோட்டுக்குக் கீழை ஒரு விரல் இறங்கிப் போட்டுது! உனக்குக் கண் தெரியாதோ? கிணறு என்ன உன்ரை அப்பன் வீட்டுச் சொத்தோ?"

"உங்கடை அப்பனும் அவர்தான்" என்று திருப்பிக் கத்தினேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். மிசினை நிறுத்தும்போது சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.